சந்தேகத்தின் புள்ளி: கிரேக்க எழுத்துருக்களும் சிதைந்த பிரதிகளும்

பழங்கிரேக்கப் பிரதிகளில் ஆய்வு செய்கிறவர் கணினி முன் உட்கார்ந்ததும் எழுகிற முதல் கேள்வி, எந்த எழுத்துருவில் எழுதுவது என்பது. இதற்குக் கிடைக்கிற பதில்கள் சமையல் குறிப்புகள் போல இருக்கின்றன. இது பார்க்க லட்சணமாக இருக்கும், அது இலவசம், இன்னொன்றில் எல்லாக் குறிகளும் உண்டு, இதழாசிரியர் இதைத்தான் கேட்பார். பிரதி உள்ளே பத்திரமாக இருக்கும் உடம்பு, எழுத்துரு அதன்மேல் போட்டுக் கழற்றும் சட்டை என்ற நம்பிக்கை இந்தப் பதில்களுக்கு அடியில் கிடக்கிறது. அச்சேறிய கிரேக்கத்தைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை ஒரு நாளும் உண்மையாக இருந்ததில்லை. கிரேக்கம் படிக்காத நமக்கு எதற்கு இந்த வம்பு என்று கேட்கும் நண்பர்கள் கொஞ்சம் பொறுக்கவும். நம் பக்கத்துக் கடற்கரையைப் பற்றிப் பேசும் கிழிந்த தாள் ஒன்றும் இந்த விவகாரத்துக்குள் இருக்கிறது.

கிரேக்க எழுத்து என்று இன்று நம் கண்முன் நிற்பது ஏதென்ஸின் எழுத்து கிடையாது. அந்தக் காலத்துக் கல்வெட்டும் பாப்பிரஸும் பேரெழுத்தில் மட்டும் எழுதப்பட்டவை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி இல்லை. அழுத்தக்குறிகளையும் மூச்சுக்குறிகளையும் கி.மு. 200ஐ ஒட்டி அலெக்சாந்திரிய நூலகத்துப் புலவர் அரிஸ்டோஃபனிஸ் உருவாக்கினார் என்பது மரபு. சிற்றெழுத்து நூற்படிகளில் நிலைபெற்றது கி.பி. 9ஆம் நூற்றாண்டில்தான். ஸோஃபக்ளிஸ் எழுந்து வந்தால் தன் நாடகத்தின் இன்றைய பதிப்பை எழுத்துக்கூட்டிக்கூட வாசிக்க முடியாது. ஓலையில் புள்ளியில்லாமல், இடைவெளியில்லாமல் ஓடிய தமிழை உ.வே.சா. பிரித்து அச்சில் நிறுத்தியதை அறிந்த நமக்கு இது புதிதாகப் படாது. பிரிப்பது என்பதே ஒரு வாசிப்பு. ஆனால் அச்சானதும் அது வாசிப்பாகத் தெரிவதில்லை, மூலமாகவே தெரிகிறது.

வெனிஸில் ஆல்டஸ் மனூத்சியோ 1495 முதல் 1498 வரை அரிஸ்டாட்டிலை ஐந்து தொகுதிகளாக அச்சிட்டபோது, அவருக்கு மாதிரியாக இருந்தது அவர் காலத்துக் கிரேக்க அகதிப் புலவர்களின் ஓட்டக் கையெழுத்து. அடுத்த நூற்றாண்டில் பிரெஞ்சு அரசன் முதலாம் ஃபிரான்சுவாவுக்காகக் க்ளோத் காராமோன் வெட்டிய 'அரசனின் கிரேக்கம்' என்ற அச்செழுத்துக்கு, கிரீட் தீவிலிருந்து வந்த எழுத்தர் ஆங்கெலோஸ் வெர்கிகியோஸின் கை மாதிரியானது. நூற்றுக்கணக்கான கூட்டெழுத்துகள் கொண்ட அச்சுக்கோவை அது. பேரே சொல்கிறது பாருங்கள், எழுத்து அரசனுக்குச் சொந்தம். எழுதிய கை நாடிழந்தவனுடையது.

அப்புறம் போர்சன். கேம்பிரிட்ஜில் கிரேக்கப் பேராசிரியராக இருந்த ரிச்சர்ட் போர்சன் (1759–1808) கிராமத் தேவாலய ஊழியர் ஒருவரின் மகன். அவருடைய கிரேக்கக் கையெழுத்து அழகானது என்று பேர். அதைப் பார்த்து ரிச்சர்ட் ஆஸ்டின் வெட்டிய அச்செழுத்து, போர்சன் இறந்த பிறகு புழக்கத்துக்கு வந்து, ஆங்கிலம் ஆண்ட உலகத்தில் கிரேக்கத்தின் முகமாகவே ஆகிவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டின் செவ்வியல் நூல்வரிசை இதைத்தான் எடுத்துக்கொண்டது. ஹோமர், சாஃபோ, அரிஸ்டாட்டில், எகிப்தின் ஏதோ ஒரு வட்டிக்காரன் எல்லாருமே ஒரே கேம்பிரிட்ஜ் வாத்தியாரின் சாய்ந்த கையெழுத்தில் எழுதினவர்கள் போல நமக்கு வந்து சேர்ந்தார்கள். அறுநூறு எழுநூறு வருஷ இடைவெளிகள், பேச்சு வழக்குகள், வர்க்கங்கள், ஊர்கள் எல்லாம் அந்தச் சாய்வில் சமமாகிவிட்டன. 'செவ்வியல்' என்று நாம் சொல்கிற அமைதியான, முழுமையான, வடுவில்லாத தோற்றத்தில் பாதி இந்த அச்செழுத்து கொடுத்தது. இதில் சதி ஒன்றும் இல்லை. ஓர் அச்சகம் நல்ல கையெழுத்தைத் தேர்ந்தெடுத்தது, மாணவர்கள் பழகினார்கள், பழகியதே கிரேக்கம் என்று ஆனது. அதிகாரம் பெரும்பாலும் இப்படிப் பழக்கமாகத்தான் உட்காருகிறது.

இதற்கு மாறான வழி இல்லாமலும் இல்லை. ஸ்பெயினில் அல்கலாவில் 1514இல் அச்சான பன்மொழி விவிலியத்தின் புதிய ஏற்பாட்டுப் பகுதி, வழக்கமான குறிகளைத் தூக்கியெறிந்துவிட்டு, அழுத்தம் விழும் அசையை மட்டும் ஒரு சிறு கோட்டால் காட்டியது. பழைய கிரேக்கர்கள் இந்தக் குறிகள் இல்லாமல்தான் எழுதினார்கள் என்று முன்னுரையில் காரணமும் சொன்னது. 500 வருஷத்துக்கு முன்னால் ஓர் அச்சகம் தன் தேர்வை மறைக்காமல் வாசகனுக்குச் சொல்லியிருக்கிறது! இன்றைய ஆய்வேடுகளில் எத்தனை இதைச் செய்கின்றன?

கிரேக்க நாட்டின் கதை வேறு மாதிரி. அங்கே வேரூன்றியது பாரிஸின் திதோ குடும்பத்து அச்செழுத்து. தேசிய எழுச்சியின் சிந்தனையாளர் கொராயிஸ் பழைய நூல்களைத் தன் மக்களுக்காகப் பதிப்பித்தபோது 1805 முதல் அவை ஃபெர்மான் திதோவிடம்தான் அச்சாயின. புதிய தேசம் தன் முன்னோர்களைப் பாரிஸ் முகத்தோடு சந்தித்தது என்று சொல்லலாம். பிறகு 1982இல் கிரேக்க அரசு பல்குறி முறையைக் கைவிட்டு, டோனோஸ் என்ற ஒற்றை அழுத்தக்குறியைச் சட்டமாக்கியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அது விடுதலை. பண்டிதர்கள் மொழியே செத்தது போல ஒப்பாரி வைத்தார்கள். அந்த அரசாணையின் நிழல் பின்னால் கணினிக் குறியேற்றத்தின்மேல் எப்படி விழுந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

*

கணினி முதலில் கிரேக்கத்தை எந்த முகமும் இல்லாமல்தான் ஏற்றுக்கொண்டது. கலிஃபோர்னியாவின் அர்வைன் பல்கலைக்கழகத்தில் 1972இல் தொடங்கிய கிரேக்கச் சொற்களஞ்சியத் திட்டம், ஹோமர் தொடங்கி எல்லா இலக்கியத்தையும் கணினியில் ஏற்ற முனைந்தபோது, டேவிட் பக்கார்ட் உருவாக்கிய பீட்டா குறியேற்றத்தைக் கையாண்டது. எல்லாமே ஆங்கிலப் பேரெழுத்துகள். தீட்டாவுக்கு க்யூ, ஒமேகாவுக்கு டபிள்யூ. மூச்சுக்குறிக்கு அடைப்புக்குறியின் வளைவு, வளைந்த அழுத்தத்துக்குச் சமக்குறி. பார்க்க அசிங்கம். ஆனால் ஒரு விஷயம் எனக்கு அதில் மிகவும் பிடித்திருக்கிறது. பாப்பிரஸில் பாதி அழிந்த, உறுதியில்லாத ஓர் எழுத்தைப் பதிப்பாளர்கள் அடியில் புள்ளி வைத்துக் காட்டுவார்கள். பீட்டாவில் அந்தப் புள்ளியை எப்படித் தட்டச்சு செய்வது? எழுத்துக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி. 'இது ஆல்ஃபாவா?' என்று யந்திரத்திடமே கேட்டு வைப்பது போல. அழகான எந்த எழுத்துருவும் இவ்வளவு வெளிப்படையாகப் பேசியதில்லை.

அதே களஞ்சியம் இன்னொன்றையும் செய்தது. அச்சுப் பதிப்புகளின் அடியில் இருக்கும் பாடபேதக் குறிப்புகளை அது ஏற்றவில்லை. ஆசிரியர் எந்தப் படியை ஒதுக்கினார், எந்தச் சொல்லைத் தானே ஊகித்தார் என்ற சண்டையெல்லாம் வெளியே நின்றுவிட்டது. உள்ளே வந்தது வென்றவனின் வரி மட்டும். கோடிக்கணக்கான சொற்களை நொடியில் தேடலாம், கிடைப்பவை தீர்ப்புகள். வழக்கின் விவரத்துக்கு நூலகத்துக்குத்தான் போக வேண்டும். முழுக் களஞ்சியத்தைப் பார்க்கச் சந்தா வேறு.

1980களிலும் 1990களிலும் மேசைக் கணினி வந்த பிறகு ஆளாளுக்கு ஓர் எழுத்துரு. கிரீக்கீஸ், வின்கிரீக், எஸ்கிரீக், எஸ்பி அயானிக் என்று ஒவ்வொன்றும் எழுத்துகளையும் குறிகளையும் தன் விருப்பப்படி குறியெண்களில் அடுக்கியது. எழுத்துருவை மாற்றினால் பிளேட்டோ உளற ஆரம்பிப்பார். ஆய்வேட்டை எழுதியவர் கணினியை மாற்றினால் ஆய்வேடு செத்தது. தமிழ்ச் சிற்றிதழ்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1990களில் அச்சகத்துக்கு ஓர் எழுத்துருவாகக் கோர்த்த நம் இதழ்களின் கோப்புகளை இன்று திறந்தால் வருவதும் இதே உளறல்தான். 1999 சென்னை மாநாட்டின் டாம், டாப் தரங்கள் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க எழுந்தவை. அவையும் போய் யூனிகோட் வந்தது.

யூனிகோட் வந்ததும் பிரச்சினை தீர்ந்தது என்பார்கள். குறியெண் ஒன்றானதில் பெரிய ஆறுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் தேர்வுகள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. நவீன கிரேக்கத்துக்கு ஒரு தொகுதி, பல்குறிக் கிரேக்கத்துக்கு 233 எழுத்துகளோடு விரிவாக்கத் தொகுதி ஒன்று. அரசாணையின் டோனோஸ் முதல் தொகுதியில் இருக்கிறது, பழைய ஒக்ஸியா என்ற கூர் அழுத்தம் இரண்டாவதில் இருக்கிறது. இரண்டும் ஒன்றே என்று யூனிகோட் பின்னர் முடிவு செய்தது. ஒக்ஸியா போட்ட எழுத்தை ஒழுங்குபடுத்தச் சொன்னால் யந்திரம் அதை டோனோஸ் போட்டதாக மாற்றிவிடும். பழைய எழுத்துருக்கள் சிலவற்றில் டோனோஸ் செங்குத்தாகவும் ஒக்ஸியா சாய்வாகவும் வரையப்பட்டிருந்ததால், ஒரே சொல் ஒரே பக்கத்தில் இரண்டு முகத்தோடு நிற்கும். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கத் தெரியாத தேடுபொறிக்கு ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. 1982இன் மொழிச் சண்டை 2,400 வருஷத்துக்கு முந்தைய நாடகத்தின் வரியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. எழுத்துரு தேர்கிறவர் இந்த இரண்டையும் ஒரே மாதிரி வரைந்திருக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இதைவிடக் கடுமையானது காப்டிக்கின் கதை. எகிப்தியர்களின் மொழி அது. கிரேக்க எழுத்துகளோடு, தங்கள் பழைய எழுத்திலிருந்து சிலவற்றையும் சேர்த்து எழுதினார்கள். 2005 வரை யூனிகோட் காப்டிக்கின் பெரும்பாலான எழுத்துகளுக்குத் தனி இடம் தரவில்லை. அவை கிரேக்கத்தின் இன்னொரு வடிவம்தான், வேறுபாட்டை எழுத்துரு பார்த்துக்கொள்ளும் என்றது. விளைவு என்ன? ஒரே பக்கத்தில் கிரேக்கமும் காப்டிக்கும் வந்தால், எழுத்துருவை மாற்றியதும் எகிப்தியன் கிரேக்கனாகிவிடுவான். ஆய்வாளர்கள் போராடி 4.1ஆம் பதிப்பில்தான் காப்டிக்குக்குத் தனித் தொகுதி வாங்கினார்கள். கிரேக்க இசைக்குறிகளும் பழைய எண்குறிகளும் அதே பதிப்பில் நுழைந்தன. எழுத்துரு வெறும் சட்டை என்பவர்கள் இந்த ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் யோசிக்கட்டும். இங்கே சட்டைதான் மொழியாக இருந்தது.

*

இனிச் சிதைவுக்கு வருவோம். எகிப்தில் அல்-பஹ்னஸா என்று இன்று அழைக்கப்படும் ஆக்ஸிரிங்கஸின் குப்பைமேடுகளை கிரென்ஃபெல், ஹண்ட் என்ற இரண்டு ஆக்ஸ்ஃபோர்டு இளைஞர்கள் 1896–97 குளிர்காலத்தில் உள்ளூர்க் கூலியாட்களை வைத்துத் தோண்ட ஆரம்பித்தார்கள். தொலைந்துபோன சாஃபோ கவிதைகளின் துண்டுகள் வந்தன. அதைவிட அதிகமாக வரி ரசீது, குத்தகைச் சீட்டு, மனு, குடும்பக் கடிதம். செவ்வியலின் பளிங்கு முகத்துக்கு வெளியே வாழ்ந்த மனிதர்கள் கிடைத்தது இந்தக் குப்பையில்தான். இவற்றைப் பதிப்பிக்கும்போது அச்சின் முழுமை பொய்யாகிவிடுகிறது. 1931இல் லெய்டனில் கூடிய அறிஞர்கள் ஒரு குறிமுறையை வகுத்தார்கள். கிழிந்துபோன இடத்துக்குச் சதுர அடைப்பு. எழுதியவனே அடித்துவிட்டதற்கு இரட்டைச் சதுரம். பதிப்பாளர் சேர்த்ததற்குக் கோண அடைப்பு. உறுதியில்லாத எழுத்துக்கு அடியில் புள்ளி. ஒவ்வொரு குறியும் 'இது நான், பிரதி அல்ல' என்று பதிப்பாளர் கைதூக்குவது.

சிக்மாவையும் இங்கே சொல்ல வேண்டும். வழக்கமான அச்சில் சொல்லின் நடுவே வரும் சிக்மாவுக்கு ஒரு வடிவம், இறுதியில் வருவதற்கு இன்னொன்று. பாப்பிரஸிலோ பிறைச்சந்திரன் போல ஒரே வடிவம். தாள் கிழிந்து சிக்மாவோடு நின்றுவிட்டால் அது சொல்லின் முடிவா நடுவா என்பது யாருக்குத் தெரியும்? வழக்கமான சிக்மாவைத் தேர்ந்த மறுநொடி பதிப்பாளர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பிறைச் சிக்மாவை வைத்தால் கேள்வி கேள்வியாகவே நிற்கும். ஆக்ஸிரிங்கஸ் தொகுதிகள் பிறையைப் பயன்படுத்துவதன் நியாயம் இது. சிலர் இதைப் பழமை காட்டும் ஜம்பம் என்பார்கள். முழுசாகக் கிடைத்த பிளேட்டோவில் செய்தால் ஜம்பமாக இருக்கலாம், கிழிசலில் அது நேர்மை.

முதலில் சொன்ன கிழிந்த தாள், ஆக்ஸிரிங்கஸ் பாப்பிரஸ் 413. 1903இல் மூன்றாம் தொகுதியில் வெளியானது, கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் படி. ஒரு கூத்துப் பிரதி. கரிதியோன் என்ற கிரேக்கப் பெண் இந்தியக் கடற்கரைக் கோயில் ஒன்றில் சிறைப்பட்டிருக்கிறாள். அண்ணன் கப்பலோடு வருகிறான். இந்திய அரசனுக்கும் ஆட்களுக்கும் தண்ணீர் கலக்காத மதுவை ஊற்றிவிட்டு அவளை மீட்டுக்கொண்டு போகிறார்கள். கோமாளியின் குசு அதில் ஓர் ஆயுதம். யூரிபிடிஸின் துன்பியலைக் கவிழ்த்துப் போட்ட தெருக்கூத்துச் சரக்கு என்று வைத்துக்கொள்ளலாம். நம்மைக் கவர வேண்டியது வேறொன்று. இந்தியர்கள் தங்களுக்குள் ஒரு மொழி பேசுகிறார்கள், அதுவும் கிரேக்க எழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. சென்னை மாகாண அரசின் கல்வெட்டறிஞராக இருந்து தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பதிப்பித்த ஹூல்ஷ், இது கன்னடம் என்று 1904இல் எழுதினார். 'கொன்ஸெய்' போல ஒலிக்கும் எழுத்துக்கூட்டில் அவருக்குக் 'கொஞ்ச' கேட்டது. 1926இல் பார்னெட் அதை மறுத்தார். துளு என்று பின்னால் சிலர் சொன்னார்கள். அர்த்தமில்லாத நாடக உளறல் என்பவர்களும் உண்டு.

எது சரி என்பது என் கேள்வி இல்லை. இந்த வரிகளை ஒருவர் கணினியில் கோர்க்கும்போது என்ன நடக்கிறது? கிரேக்கப் பேச்சுக்கு இலக்கணம் தெரியும், ஆகவே சொல் பிரித்து, மூச்சும் அழுத்தமும் வைத்து, போர்சன் சாய்வில் நிறுத்தலாம். இந்தியனின் பேச்சுக்கு எங்கே இடைவெளி விடுவது? அழுத்தக்குறி வைத்தால் அவன் வாயில் கிரேக்க ராகத்தைத் திணிக்கிறோம். வைக்காவிட்டால் பக்கத்தில் அவன் மட்டும் அம்மணமாக நிற்கிறான், கண்ணுக்கே அவன் காட்டுமிராண்டியாகப் படுகிறான். இடைவெளி விட்டால் ஹூல்ஷின் பக்கம் பாதி சாய்ந்துவிட்டோம், விடாவிட்டால் உளறல் என்பவரின் பக்கம். நடுநிலையான எழுத்துரு அமைப்பு என்று ஒன்று இங்கே கிடையவே கிடையாது. செய்யக்கூடிய ஒன்று உண்டு. அந்தப் பக்கம் முழுவதையும், கிரேக்கன் பேச்சு உட்பட, பாப்பிரஸில் இருப்பது போலக் குறியும் இடைவெளியும் இல்லாமல் ஒரு முறை அச்சிட்டுவிட்டு, பிரித்த வாசிப்பை எதிரில் வைப்பது. பாப்பிரஸ் பதிப்புகளில் இப்படி இரட்டையாகத் தருவது பழைய வழக்கம்தான். அப்போது இருவரும் ஒரே மாதிரி புரியாத எழுத்துத்தொடராக நிற்பார்கள், வாசகனும் ஒரு நிமிஷம் பதிப்பாளன் உட்காரும் இடத்தில் உட்காருவான். அந்தத் தாளில் மேளமடிக்கிற இடங்களுக்கும் சுருக்கக் குறிகள் உண்டு. சுருக்கத்தின்மேல் வரும் கோட்டை எழுத்துக்கு நேர்மேலே நிறுத்தத் தெரியாத எழுத்துருவில் அது சும்மா ஓர் எழுத்தாகிவிடும். கூத்திலிருந்து மேளம் போய்விடும்.

முசிறிப் பாப்பிரஸுக்கும் இது பொருந்தும். வியன்னாவில் இருப்பது, 1985இல் வெளியானது, ஹெர்மபோல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கும் கடன் ஒப்பந்தமும் கொண்டது. ஒப்பந்தத்தின் தொடக்கம் இல்லை. கடன் முசிறியில் வாங்கப்பட்டதா, முசிறிப் பயணத்துக்காக எகிப்தில் வாங்கப்பட்டதா என்ற சண்டை அதனால் இன்னும் ஓயவில்லை. நம் ஊர்க் கட்டுரைகளில் இந்தத் தாள் மேற்கோளாக வரும்போது சதுர அடைப்புகள் முதலில் காணாமல் போகின்றன. ஊகம் ஆவணமாகிறது, ஆவணம் பெருமையாகிறது.

ஆகவே எழுத்துருக்களை அழகுப் போட்டியில் நிறுத்தாமல், சந்தேகத்தைத் தாங்குகிறதா என்று பார்த்தே தேர வேண்டும் என்பது என் கட்சி. விண்டோஸ் 2000உடன் வந்த பலட்டினோ லினோடைப் பல்குறிக் கிரேக்கத்தைப் பரவலாக்கியது. அது நல்ல வரைவு, முழுசான பிரதிக்குப் போதும். டைம்ஸ் வகையறாக்கள் கிரேக்கத்தை லத்தீன் உறுப்புகளால் தைத்தவை. நியூவைப் பார்த்தால் ஆங்கில 'வி' மாதிரி இருக்கும், ஆங்கில வரி நடுவில் வந்தால் கண் தடுமாறும். விக்டர் கோல்ட்னியின் ஜென்டியம் எனக்குப் பிடித்த வரைவு. 'மக்களினங்களுடையது' என்று லத்தீனில் பொருள், யாரும் எடுத்துத் திருத்தலாம். வெளியிட்ட எஸ்ஐஎல் நிறுவனம் விவிலிய மொழிபெயர்ப்பு ஊழியம் சார்ந்தது என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ளலாம். கிரேக்க எழுத்துருக்களில் நிறைய, புதிய ஏற்பாட்டு வாசகரின் தேவையால் பிறந்தவை. லெய்டனின் பிரில் பதிப்பகம் ஜான் ஹட்சனைக் கொண்டு வரைவித்தது குறிகளில் மிகக் கவனமானது. வணிகமில்லாத வேலைக்கு இலவசம், அந்த நிபந்தனை சிறு பதிப்பகங்களைக் கட்டும். 1992இல் ஏதென்ஸில் தொடங்கிய கிரேக்க எழுத்துருக் கழகம் திதோவையும் போர்சனையும் இலவசமாகவே கணினிக்குக் கொண்டுவந்திருக்கிறது. அவர்களுடைய வெளியீடுகளில் நான் கைகாட்டுவது நியோஹெலனிக். 1927இல் ஸ்கோல்டரர் வரைந்தது, நிமிர்ந்து உருண்டு நிற்பது, போர்சனின் சாய்வுக்கு மறுப்பு. கிழிசல்களோடு வேலை செய்கிறவர்கள் நியூ அதீனா யூனிகோட் பக்கமும், கெய்ரோவின் பிரெஞ்சுத் தொல்லியல் நிறுவனம் தரும் இஃபாவோ-கிரெக் பக்கமும் போவது நியாயம். ஒரு எச்சரிக்கை மட்டும். புலமை எழுத்துருக்கள் சிலவற்றில் யூனிகோட் இடம் தராத குறிகள் தனிப்பயன் பகுதியில் வைக்கப்பட்டிருக்கும். வேறு எழுத்துருவில் திறந்தால் வெறும் கட்டம். 1990களின் உளறல் பின்வாசல் வழியாகத் திரும்பி வரும்.

எதை எடுத்தாலும் முதலில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். எட்டா ஒன்றைத் தட்டி, அதன் தலையில் வன்மூச்சும் வளைந்த அழுத்தமும், காலடியில் அயோட்டாவும் வைத்து, அதற்குக் கீழே சந்தேகப் புள்ளியையும் வைக்கவும். புள்ளி அயோட்டாவின்மேல் ஏறி மைக்கறை போல நிற்கிறதா, பக்கத்து எழுத்தின் அடிக்கு ஓடிவிடுகிறதா, அல்லது தன் எழுத்தின் கீழே தனியாகத் தெரிகிறதா? பிறகு அதே வரியை இன்னொரு எழுத்துருவுக்கு மாற்றி, மறுபடி எண்ணிப் பார்க்கவும், எத்தனை புள்ளிகள் மிச்சமிருக்கின்றன என்று.